ரோமை உடைத்தது யார்? வாண்டல்கள் பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடியிருப்புப் பூங்காவில் புதிதாகப் போட்ட இரும்பு பெஞ்சுகளையும் விளக்குகளையும் யாரோ உடைத்துவிட்டார்கள். செய்தியில் அதை 'வாண்டலிசம்' என்று எழுதினார்கள். வாண்டல்கள் என்ற காட்டுமிராண்டிக் கூட்டம் ரோமாபுரியைத் தரைமட்டமாக்கியதால் வந்த பெயர் அது என்று எங்கோ படித்தீர்கள். அவர்கள் உண்மையிலேயே அப்படிச் செய்தார்களா, காரணமே இல்லாமல் மனிதர்கள் ஏன் உடைக்கிறார்கள், அந்த இனத்தார் இன்னும் இருக்கிறார்களா என்று மூன்று கேள்விகள். எனக்கு இவற்றின் அடியில் ஒரே கேள்விதான் தெரிகிறது: காரணம் இல்லாத அழிவு என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் நாம் நினைப்பதைவிட மிகமிகக் குறைவு. பல ஆண்டுகள் கல்லூரியில் பண்டைய ஐரோப்பிய வரலாறு நடத்தியவன் என்பதால் ரோம், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜ் விஷயங்களில் கொஞ்சம் துணிந்து பேசுவேன். பெஞ்சு விஷயத்தில் அந்தத் துணிச்சல் குறையும். அங்கே நான் பிறர் ஆய்வைப் படித்தவன் மட்டுமே.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். வாண்டல்கள் ஜெர்மானிய மொழி பேசிய மக்கள். 406-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ரைன் நதியைக் கடந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அங்கிருந்து 'கால்' என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதி, ஸ்பெயின் வழியாக நகர்ந்து, 429-ல் கெய்செரிக் என்ற மன்னனின் தலைமையில் கடலைக் கடந்து வட ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். 439 அக்டோபரில் கார்த்தேஜ் அவர்கள் கைக்கு வந்தது. ரோமப் பேரரசன் மூன்றாம் வலென்டினியன் வேறு வழியில்லாமல் 442-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, தன் மகள் யூடோசியாவைக் கெய்செரிக்கின் மகன் ஹூனெரிக்குக்குத் தருவதாக நிச்சயம் பேசினான். 455 மார்ச்சில் வலென்டினியன் கொலையானான். அரியணையைப் பிடித்த பெட்ரோனியஸ் மாக்சிமஸ், செத்தவனின் மனைவியைத் தான் மணந்துகொண்டு, நிச்சயமான பெண்ணைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தான். கெய்செரிக் கப்பல் ஏறினான். அவன் வருகிறான் என்று கேட்டதும் மாக்சிமஸ் தப்பி ஓடப் பார்த்து, மே 31 அன்று ரோமிலேயே கும்பலிடம் சிக்கிச் செத்தான். ஜூன் 2 அன்று வாண்டல்கள் நகருக்குள் நுழைந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்வியின் மையம். போப் முதலாம் லியோ நகர வாயிலுக்கு வெளியே போய்க் கெய்செரிக்கைச் சந்தித்தார். தீ வைக்கக் கூடாது, வெட்டிக் கொல்லக் கூடாது, சித்திரவதை கூடாது என்று கேட்டுக்கொண்டார் என்றும், பதினான்கு நாள் நகரைத் தாராளமாகத் துழாவி எடுத்துக்கொண்டு போனார்கள் என்றும் புராஸ்பர் எழுதிவைத்திருக்கிறார். அவர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர், லியோவுக்கு வேண்டியவர். அதனால் லியோவின் பெருமையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். ஆனாலும் நகரம் எரிந்து சாம்பலாகியிருந்தால் அதை மறைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மண்ணுக்கடியிலும் 455-ஐச் சேர்ந்த பெரிய எரிபடலம் ரோம் முழுக்கக் கிடைக்கவில்லை. கொலோசியம் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிலநடுக்கத்தில் சேதமான அரங்கத்தைப் பழுதுபார்த்த கல்வெட்டு உண்டு, 523-ல்கூட அங்கே விலங்கு வேட்டைக் காட்சி நடந்திருக்கிறது. தரைமட்டமான ஊரில் யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கரடி வேட்டை பார்ப்பதில்லை. (டிக்கெட் என்பது என் குறும்பு, காட்சி இலவசம்தான்.)

ஆக, அவர்கள் செய்தது கொள்ளை. அதுவும் நிதானமான, கணக்குப் பார்த்துச் செய்த கொள்ளை. காபிடோலின் குன்றில் இருந்த ஜூபிடர் கோவிலின் கூரையில் பொன் பூசிய வெண்கல ஓடுகள் இருந்தன. அவற்றில் பாதியைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் சொல்கிறார். அந்தப் 'பாதி' என்ற விவரம் எனக்கு எப்போதும் சுவாரசியமானது. வெறி பிடித்துச் சிதைக்கிறவன் கூரையைக் கொளுத்துவான். ஏணி போட்டு ஏறி, ஓட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடுக்கி, துறைமுகம்வரை வண்டியில் கொண்டுபோகிறவன் உலோகத்தின் விலை தெரிந்தவன். சிலைகள் ஏற்றிய கப்பல் ஒன்று மட்டும் கடலில் மூழ்கியது என்பதும் அவர் தரும் செய்திதான். உடைத்துப் போடுவதற்காக யாரும் சிலையைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. 'பாவம், நல்லவர்கள், கெட்ட பேர் வந்துவிட்டது' என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவது. இணையத்தில் இப்போது அந்தப் பாட்டுத்தான் அதிகம் கேட்கிறது. கல்லும் கூரையும் தப்பின, மனிதர்கள் தப்பவில்லை. வலென்டினியனின் மனைவியான பேரரசி யூடோக்சியாவையும் இரண்டு மகள்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கூடவே ஆயிரக்கணக்கான சாதாரண மக்களையும். கார்த்தேஜில் கரை இறக்கியதும் வாண்டல்களும், அவர்களோடு வந்த வட ஆப்பிரிக்க மூர்களும் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டதில் கணவன் ஒருவனுக்கு, மனைவி இன்னொருவனுக்கு, பிள்ளை வேறொருவனுக்கு என்று பிரிந்துபோனார்கள். கார்த்தேஜ் ஆயர் தியோகிராசியாஸ் தேவாலயத்தின் பொன், வெள்ளிப் பாத்திரங்களை எல்லாம் விற்று, முடிந்தவரை ஆட்களை மீட்டார். இரண்டு பெரிய தேவாலயங்களைக் காலி செய்து, உள்ளே கட்டிலும் வைக்கோலும் போட்டு, கப்பல் பயணத்தில் நோய்கண்டவர்களைப் படுக்கவைத்து, இரவெல்லாம் வைத்தியர்களோடு படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்த்தார். அவருக்கு அப்போது தள்ளாத வயது. இதை எழுதியவர் விட்டா நகர் விக்டர். வாண்டல்களை மனமார வெறுத்தவர் அவர். ஆனால் இந்தக் காட்சியில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விக்டரின் வெறுப்புக்கும் காரணம் இருந்தது. வாண்டல்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் இயேசு தந்தைக் கடவுளுக்குக் கீழானவர் என்று சொன்ன ஏரியஸின் பிரிவைச் சேர்ந்தவர்கள். கெய்செரிக்குக்குப் பின் வந்த ஹூனெரிக், 484-ல் எதிர்ப்பிரிவு ஆயர்களை நாடு கடத்தினான், தேவாலயங்களைப் பூட்டினான். நம் கையில் இருக்கும் எழுத்தில் பெரும்பகுதி அடிபட்ட அந்தத் தரப்பு எழுதியது. வாண்டல்கள் தம் கதையைத் தாமே எழுதிவைத்த நூல் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் சில 'தகவல்களை' நான் வகுப்பில் எப்போதும் தனியாகவே வைப்பேன். ஆப்பிரிக்காவுக்குக் கடந்தவர்கள் 80,000 பேர் என்பது அவற்றில் ஒன்று. பார்ப்பவர்கள் மலைக்க வேண்டும் என்பதற்காகவே கிழவர், குழந்தை, அடிமை எல்லாரையும் சேர்த்து எண்ணிய எண்ணிக்கை அது என்று விக்டரே சொல்கிறார். புரோகோப்பியஸ் அதை இன்னும் குறைக்கிறார். பேரரசி யூடோக்சியாவே பழிவாங்கக் கெய்செரிக்கைக் கூப்பிட்டாள் என்ற கதை இன்னொன்று. ஸ்பெயினில் இருந்து எழுதிய ஹைடாஷியஸ் அந்தக் காலத்திலேயே அதைக் கெட்ட வதந்தி என்றுதான் குறிக்கிறார். எருசலேம் ஆலயத்தின் ஏழு கிளை விளக்கு கார்த்தேஜுக்குப் போனது என்பது மூன்றாவது. எருசலேமை வென்ற ரோமத் தளபதி டைட்டஸ் ரோமுக்குக் கொண்டுவந்த யூதப் பொக்கிஷங்களை வாண்டல்கள் எடுத்துப் போனதாகவும், பின்னாளில் கிழக்குப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ் அவற்றைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுவந்ததாகவும் புரோகோப்பியஸ் எழுதுகிறார். விளக்கு என்று அவர் குறிப்பிடவில்லை. படிப்பவர்கள் சேர்த்துக்கொண்டது அது.

அப்படியானால் ரோமை உடைத்தது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆவணம் வருகிறது. 455 கொள்ளை நடந்து மூன்றே ஆண்டு. 458 ஜூலையில் பேரரசன் மஜோரியன் ரவென்னாவிலிருந்து ஒரு சட்டம் போடுகிறான். பழைய பொதுக் கட்டடங்களை ரோம் நகரவாசிகளே இடிக்கிறார்கள், பொதுப்பணிக்குக் கல் வேண்டும் என்று சாக்குச் சொல்லி அதிகாரிகள் அனுமதி தருகிறார்கள், ஏதோ சின்னதைப் பழுதுபார்க்கப் பெரியதை இடித்துத் தள்ளுகிறார்கள், தனியார் வீடு கட்டவும் கோவில் கல் போகிறது என்று அதில் புலம்பல். அனுமதி தந்த அதிகாரிக்கு ஐம்பது ராத்தல் பொன் அபராதம். மறுக்காமல் கையெழுத்துக் காரியம் செய்துகொடுத்த சிப்பந்திகளுக்குக் கசையடி, மேலும் கையை வெட்டுவது. இவ்வளவு கொடூரமான தண்டனை எழுதவேண்டி வந்தது என்றால் எவ்வளவு நாளாக, எவ்வளவு பரவலாக நடந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தில் வாண்டல்களைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் உள்ளூர் ஒப்பந்தக்காரர்களும் அவர்களுக்கு ஓலை தந்த அதிகாரிகளும்தான். நம்மூரில் ஏரிக்கரை மண்ணுக்கு நடைச்சீட்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

அதன்பின் வந்தவர்களும் கைவைத்தார்கள். ரோம் நகரின் முதுகெலும்பை முறித்தது 535 முதல் 554 வரை நடந்த போர். ரோமை மீட்கிறேன் என்று, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குப் பேரரசு கிளம்பி வந்து, இத்தாலியை அப்போது ஆண்ட கோத் என்ற ஜெர்மானிய மக்களோடு நடத்திய போர் அது. 537 முற்றுகையில் கோத்கள் நகரின் நீர்க்கால்வாய்களை வெட்டினார்கள், 546-ல் நகரம் விழுந்தபின் ஊரே காலியானது. 663-ல் கிழக்குப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் 'விருந்தாளியாக' வந்து பன்னிரண்டு நாள் தங்கி, பாந்தியன் கோவிலின் வெண்கல ஓடுகள் உட்பட அகப்பட்ட வெண்கலத்தையெல்லாம் அள்ளிப்போனான். இடைக்காலத்தில் பளிங்குச் சிலைகளும் தூண்களும் சுண்ணாம்புக் காளவாயில் வெந்து சுண்ணாம்பாயின. கொலோசியத்தின் படத்தை உற்றுப் பாருங்கள், சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரியும். கல்லையும் கல்லையும் இணைத்திருந்த இரும்புப் பட்டைகளைத் தோண்டி எடுத்த குழிகள் அவை. பழைய இரும்பு வியாபாரம்தான். 1625-ல் பார்பெரீனி குடும்பத்திலிருந்து வந்த போப் எட்டாம் அர்பன் பாந்தியன் முகமண்டபத்தின் வெண்கலத்தைக் கழற்றினார். பெரும்பகுதி பீரங்கி வார்க்கப் போனது. 'பார்பரிகள் (காட்டுமிராண்டிகள்) செய்யாததைப் பார்பெரீனிகள் செய்து முடித்தார்கள்' என்று ரோமில் எழுந்த கேலி இன்றும் வழங்குகிறது.

வாண்டல்கள் ரோமுக்குச் செய்த பெருங்கேடு அந்தப் பதினான்கு நாளில் இல்லை என்பது என் கருத்து. அது 439-லேயே நடந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் தானியமும் எண்ணெயும் வரியாக வந்து கொட்டியதில்தான் ரோம் தன் மக்கள்தொகையைத் தாங்கிக்கொண்டிருந்தது. கார்த்தேஜ் போனதும் அந்த வரி நின்றது, படைக்குச் சம்பளம் போடப் பணமும் குறைந்தது. சோற்றுப் பானையையே எடுத்துக்கொண்டவன் கூரை ஓட்டையும் எடுத்தான் என்பதுதான் கதை. ஆனால் ஓடுதான் எல்லார் நினைவிலும் நிற்கிறது.

அந்தக் கார்த்தேஜை அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள்? நாடக அரங்கு, ஓடியம் என்ற இசை அரங்கு போன்ற பொதுக் கட்டடங்களை இடித்தார்கள் என்று விக்டர் குற்றம் சாட்டுகிறார். சில கட்டடங்கள் அந்தக் காலத்தில் பாழடைந்தது அகழாய்விலும் தெரிகிறது. வேண்டுமென்றே இடித்தார்களா, பராமரிப்பின்றி விழுந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. மறுபக்கம், மன்னன் திராசமுண்ட் குளியல் மாளிகை கட்டினான், அதைப் புகழ்ந்து லத்தீன் கவிதை எழுதினார்கள். ஆப்பிரிக்கச் செம்மட்பாண்டங்கள் மத்தியதரைக் கடல் முழுக்கத் தொடர்ந்து விலைபோயின. 1928-ல் அல்ஜீரிய – துனிசிய எல்லைப் பக்கம் மரப்பலகைகளில் மையால் எழுதிய பத்திரங்கள் கிடைத்தன. கண்டதும் மனசு நிறைந்துபோகிற மாதிரியான அற்பங்கள்: இத்தனை ஒலிவ மரம், இத்தனை அத்தி மரம், நீர் வரும் வழி, இன்ன எல்லை, இன்ன விலை. 493 முதல் 496 வரையிலான கிரயப் பத்திரங்கள் அவை. தேதி போட்டிருப்பது வாண்டல் மன்னன் குந்தமுண்டின் ஆட்சியாண்டைக் கொண்டு. மொழி லத்தீன், நடைமுறை பழைய ரோமச் சட்டம். ஆள வந்தவர்கள் பத்திர அலுவலகத்தை எரிக்கவில்லை, முத்திரையை மட்டும் மாற்றினார்கள்.

இவர்கள் பெயர் உடைப்புக்கு ஒட்டிக்கொண்டது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, பாரிஸில். பிரெஞ்சுப் புரட்சி அரச, நிலப்பிரபுச் சின்னங்களை அகற்றச் சொல்லி 1792 ஆகஸ்டில் சட்டமே போட்டது. 1793-ல் சான் தெனி தேவாலயத்தில் அரச கல்லறைகள் திறக்கப்பட்டு, ஈயப் பெட்டிகள் உருக்கித் தோட்டாவாயின. நோட்ர டாம் தேவாலய முகப்பில் வரிசையாக நின்ற 28 அரசர் சிலைகளைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக் கீழே தள்ளினார்கள். பிரான்சின் மன்னர்கள் என்று நினைத்து. உண்மையில் அவை விவிலியத்தில் வரும் யூதேய அரசர்கள். 1977-ல் பாரிஸில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வேலை நடந்தபோது அவற்றில் 21 தலைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. யாரோ அக்கறையோடு புதைத்துவைத்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாயத்தின் மிச்சம் முகங்களில் இன்னும் இருக்கிறது. மூக்கு போன அந்த முகங்களை க்ளூனி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். உடைத்தவர்கள் மூளையில்லாதவர்கள் இல்லை. சிலை என்பது அதிகாரத்தின் உடம்பு என்று நம்பியவர்கள். ஆளை மட்டும்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.

இந்த அழிவைக் கண்டித்து 1794-ல் தேசிய மாமன்றத்தில் அடுத்தடுத்து அறிக்கைகள் வாசித்தவர் ப்ளுவா நகர ஆயர் கிரெகுவார். வாண்டல்களின் பெயரை வைத்து அந்தச் செயலுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. செயலைக் கொல்லவே சொல்லைப் படைத்தேன் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவர் ஏன் வாண்டல்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் ஒரு அரசியல் இருக்கிறது. புரட்சியே போட்ட சட்டத்தின் பேரில் புரட்சிக்காரர்களே உடைத்தார்கள் என்று அந்த மன்றத்தில் சொல்லிவிட முடியாது. எங்கிருந்தோ வந்த முரடர்கள், எதிரிகளின் சதி என்று சொன்னால் எல்லாருக்கும் வசதி. மஜோரியன் தன் அதிகாரிகளைச் சுட்டிய இடத்தில் கிரெகுவார் அந்நியனைச் சுட்டினார். வித்தியாசம் அதுதான். அந்த வசதி இன்றுவரை தொடர்கிறது. உடைப்பு நடந்தால் நாம் முதலில் தேடுவது 'வெளியூர் ஆட்களை'த்தானே.

கிரெகுவார் சாமானியர் இல்லை. அடிமை முறைக்கு எதிராகவும் யூதர்களின் உரிமைக்காகவும் துணிந்து பேசியவர். அவருக்கு இன்னொரு முகமும் உண்டு, தமிழ் வாசகர்கள் அறியவேண்டியது. அதே 1794 ஜூனில் அதே மாமன்றத்தில், பிரான்சின் வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சை மட்டும் பொதுவாக்க வேண்டியதன் அவசியம் பற்றியும் ஓர் அறிக்கை வாசித்தார். பிரெத்தோன், பாஸ்க், ஒக்சிதான் பேசிய இலட்சக்கணக்கானவர்களின் நாக்கு அவருக்கு முன்னேற்றத்துக்கு இடைஞ்சல். கல்லில் செதுக்கிய கலையைக் காக்கக் கிளம்பியவருக்கு ஒரு மொழி அழிவது அழிவாகவே படவில்லை.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. இங்கே நான் உளவியலாளன் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் 1970-களில் உடைப்புச் செயல்களை நோக்கம் பார்த்துப் பிரித்தார். விற்றுக் காசாக்க உடைப்பது, கவனத்தை ஈர்க்கவோ காரியம் சாதிக்கவோ உடைப்பது, கொள்கைக்காக உடைப்பது, பழிதீர்க்க உடைப்பது, விளையாட்டாக உடைப்பது என்று போகும் அந்தப் பிரிவு. கடைசியாகத்தான் சலிப்பும் ஆத்திரமும் கலந்த வெற்று உடைப்பு வருகிறது. இந்தப் பிரிவை வைத்துப் பார்த்தால் காபிடோலின் ஓடும் கொலோசிய இரும்பும் முதல் வகை, நோட்ர டாம் கொள்கை வகை. எதிலும் காரணம் இல்லாமல் இல்லை. காரணம் நியாயமானதா என்பது வேறு விவகாரம்.

1969-ல் பிலிப் ஜிம்பார்டோ என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எண் பலகை இல்லாத பழைய காரொன்றை நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலும் இன்னொன்றைக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலும் நிறுத்தினார்கள். பிராங்ஸில் பத்தே நிமிடத்தில் முதல் ஆட்கள் வந்துவிட்டார்கள். ரவுடிப் பையன்கள் இல்லை. அப்பா, அம்மா, சின்னப் பையன் என்று ஒரு குடும்பம். ரேடியேட்டரையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாளில் விலைபோகிற எதுவும் மிஞ்சவில்லை. அதன் பிறகுதான் கண்ணாடியை உடைப்பது, கிழிப்பது எல்லாம். வந்தவர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் நன்றாக உடுத்தியவர்கள். பாலோ ஆல்டோவில் கார் ஒரு வாரத்துக்கு மேல் சும்மா நின்றது. ஜிம்பார்டோவும் மாணவர்களும் தாங்களே சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார்கள். முதல் அடிக்குக் கை வரவில்லை, அடுத்தடுத்த அடி சுலபமாகவும் சுகமாகவும் இருந்தது என்று அவரே பதிவு செய்கிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டே இரண்டு கார்கள்தான், புள்ளிவிவரமாக இதற்கு மதிப்பில்லை. ஆனால் முதலில் ஆதாயம், பிறகு வேடிக்கை என்ற வரிசை பல இடங்களில் பொருந்துகிறது.

இதை வைத்து 1982-ல் வில்சன், கெல்லிங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 'உடைந்த சன்னல்' கருத்தை முன்வைத்தார்கள். உடைந்த ஒன்றைச் சரிசெய்யாமல் விட்டால் அடுத்ததும் உடையும் என்பது அதன் சாரம். 2008-ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்த ஆய்வு இதற்கு ஓரளவு வலுசேர்த்தது. சைக்கிள் கைப்பிடியில் துண்டுப் பிரசுரம் மாட்டிவைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைத் தரையில் வீசினார்கள், சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம் பேர். ஆனால் இதே கருத்தைப் போலீஸ் கொள்கையாக்கிச் சில்லறைக் குற்றத்துக்கெல்லாம் கைது செய்ததால்தான் நியூயார்க்கில் பெருங்குற்றம் குறைந்தது என்ற வாதம் இன்றும் சர்ச்சைதான். நான் அதை நம்பவில்லை. பழுதை உடனே சரிசெய்வது வேறு, ஆளை உடனே உள்ளே தள்ளுவது வேறு.

உங்கள் பூங்காவுக்கு வருகிறேன். இங்கிருந்துகொண்டு யார் உடைத்தது என்று சொல்ல முடியாது, ஆனால் எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லலாம். பெஞ்சின் இரும்புச் சட்டமும் விளக்கின் செம்புக் கம்பியும் காணாமல் போயிருந்தால் அது களவு. விசாரிக்கவேண்டிய இடம் காயலான் கடை. உலோகம் அப்படியே கிடக்க, திறப்புவிழாக் கல்லோ பெயர்ப் பலகையோ மட்டும் சிதைந்திருந்தால் யாருக்கோ யாரிடமோ கோபம். அந்த இடத்தில் முன்பு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்களா, தள்ளுவண்டிக்காரர்களை விரட்டிவிட்டுப் பூங்கா கட்டினார்களா என்று விசாரியுங்கள். பெயரும் அம்புவிட்ட இதயமும் மட்டும் இருந்தால் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேலையைப் பாருங்கள். மூன்றுக்கும் கேமரா ஒன்றே மருந்து என்று சங்கத்தில் சொல்வார்கள். களவுக்குக் கொஞ்சம் உதவும், மற்ற இரண்டுக்கும் பெரிதாக உதவாது.

சுவரில் பெயர் எழுதுவது பற்றி ஒன்று சேர்த்துவிடுகிறேன், கோட்டை, குகை என்று எங்கே போனாலும் கண்ணில் படுவதால். இலங்கையின் சிகிரியா குன்றில், கண்ணாடிபோல் மெருகேற்றியதால் கண்ணாடிச் சுவர் என்று பெயர் பெற்ற சுவர் ஒன்று உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் கட்டியது. எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டுவரை அங்கே ஏறிவந்தவர்கள், மேலே ஓவியத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்துக் கிறங்கி, அந்தச் சுவரிலேயே சிங்களத்தில் பாட்டு கீறிவைத்தார்கள். தொல்லியலாளர் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்துப் பதிப்பித்தார். பழைய சிங்களக் கவிதைக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லை. அதே சிகிரியாவில் 1967-ல் யாரோ ஓவியங்கள்மேல் சாயத்தை ஊற்றினார்கள். 2015-ல் அதே கண்ணாடிச் சுவரில் கொண்டை ஊசியால் பெயர் கீறிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். அப்படியானால் நாமும் கீறலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கூடாது. அன்று அந்தச் சுவருக்கு வந்தவர்கள் நூற்றுக்கணக்கில், இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில். ஆளுக்கொரு கீறல் என்றால் சில மாதங்களில் அந்த 685-உம் இருக்காது. இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டப்படி, 2010 திருத்தத்துக்குப் பின், இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். ஊசி வைத்துக் கீறிய பெண்ணுக்கு இரண்டு வருடம் என்பது எனக்கு அதிகமாகவே பட்டது. ஆனால் சாயம் ஊற்றியவனை அதே தட்டில் வைக்க மாட்டேன்.

மூன்றாம் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. 533-ல் பெலிசாரியஸ் படையோடு வந்து இறங்கி, ஓராண்டுக்குள் அந்த அரசை முடித்துவைத்தார். கடைசி மன்னன் கெலிமர் மலையில் ஒளிந்து பசியில் வாடிச் சரணடைந்தான். அவனுக்கு இன்றைய துருக்கியில் இருக்கும் கலாத்தியாவில் நிலம் கொடுத்துக் குடும்பத்தோடு வாழவிட்டார்கள். பிடிபட்ட வீரர்களை ஐந்து குதிரைப்படைப் பிரிவுகளாக்கிப் பாரசீக எல்லைக்கு அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவிலேயே தங்கிய வாண்டல் பெண்கள் ரோம வீரர்களை மணந்துகொண்டு, எங்கள் பழைய நிலம் எங்கே என்று கேட்கச்சொல்லிக் கணவர்களை உசுப்பியதில் 536-ல் படையில் பெருங்கலகமே வெடித்தது. அதை அடக்கியபின் மிச்சமிருந்தவர்களையும் கலைத்தார்கள். அதற்குப் பிறகு தனி இனமாக அவர்களைப் பற்றி வரலாற்றில் பேச்சே இல்லை. பெயர் மட்டும் வேறொரு வழியில் பிழைத்தது. பால்டிக் கரையில் வாழ்ந்த வெண்டு என்ற ஸ்லாவிய மக்களை லத்தீனில் வாண்டல்கள் என்று எழுதும் வழக்கம் இருந்ததால், சுவீடன் மன்னர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்களைச் சுவீடர், கோத், வாண்டல் ஆகியோரின் அரசர் என்று லத்தீனில் போட்டுக்கொண்டார்கள். 1973-ல் கார்ல் பதினாறாம் குஸ்தாவ் அரியணை ஏறியபோதுதான் அந்தப் பட்டத்தை விட்டார்கள்.